பெயரைச் சொல்லாமலே ஒரு சமூகத்தை விலக்கிவிட முடியுமா? (இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், அதாவது குடியுரிமைச் சட்டம் பற்றி)

லயத்துவீட்டான்
இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் எங்கள் அப்பாயி தவறிவிட்டார். முப்பத்தோராம் நாள் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது சாமித்தட்டுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்தால் கற்பூர வாடை. அடியில் பூட்டனுடைய தகர டிக்கெட். காசளவுதான் இருக்கும், ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்தது. அதைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டித்தான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குக் கூட்டி வருவார்களாம். அதற்கு மேலே தாத்தாவின் செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவு) நகல், பிறப்புப் பதிவு ஒன்று, கடைசியாக நாலாக மடித்த ஓர் ஆங்கிலக் கடிதம். மடிப்பில் கிழிந்து போயிருந்தது. தாத்தா 1951இல் பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் அது.

தாத்தா 1921இல் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். அவருடைய அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். தாத்தா அங்கேயே அடிபட்டுப் போனார். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தில் விண்ணப்பித்தார். அதிலும் தட்டிவிட்டார்கள். காரணம், 1940இல் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவருக்கு அம்மை போட்டு, திரும்பி வர 14 மாதம் ஆகிவிட்டதாம். தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்பு அறுந்துவிடும்.

என் கேள்வி இதுதான். 1948 சட்டத்தை முழுக்கப் படித்துப் பார்த்தேன். 'தமிழர்' என்றோ 'இந்திய வம்சாவளி' என்றோ அதில் எங்கேயும் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி. அப்படியானால் அது சமத்துவமான சட்டம்தானா?

---

நேர்வழி
இரவு 10:15

தம்பி, பாட்டிக்கு அஞ்சலி. ஆனால் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அது சமத்துவமான சட்டம்தான். யார் என் குடிமகன் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு ஓர் அளவுகோல் வைத்தது, சிங்களவருக்கும் அதே அளவுகோல்தான். உங்கள் தாத்தாவுக்கு அது பாதகமாக முடிந்தது வருத்தம்தான். அதற்காக எல்லாவற்றிலும் இனத்தை நுழைக்க வேண்டுமா? விதி கடுமையானது என்பது வேறு, பாரபட்சமானது என்பது வேறு.

---

சுன்னாகத்தான்
இரவு 10:52

நேர்வழி ஐயா, சிங்களவருக்கும் அதே அளவுகோல் என்றீர்கள். ஏட்டில் சரி. 1948இல் மொனராகலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தான் ஒருவனிடம் போய் 'உன் அப்பா எங்கே பிறந்தார், அத்தாட்சிப் பத்திரம் காட்டு' என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்திலேயே என் பாட்டனின் அப்பாவுக்கு ஒரு கடதாசியும் கிடையாது. ஆனால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை, சிங்களக் கிராமத்தானிடமும் கேட்கவில்லை. தோட்டத்தில் மட்டும்தான் கேட்டார்கள். கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. இந்த மக்களுக்கு 1948க்கு முன் ஒன்றுமே இல்லாதிருந்து, புதிதாகக் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத்தில் நிறையப் பேருக்கு வாக்கு இருந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. மற்றத் தொகுதிகள் பலவற்றில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த ஆண்டு, பிரஜைகளுக்கு மட்டும்தான் வாக்கு என்று தேர்தல் சட்டத்தில் திருத்தம். இந்த வரிசையைப் பார்த்த பிறகும் 'அளவுகோல்' என்றால் நான் என்ன சொல்ல?

---

நேர்வழி
இரவு 11:05

வரிசை சந்தேகத்தைக் கிளப்புகிறது, ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் ஆதாரம் ஆகாது. நீதிமன்றத்துக்கு யாரும் போகவில்லையா?

---

பழைய_குமாஸ்தா
காலை 6:20

போனார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள், அன்றைக்கு இலங்கைக்கும் அதுதான் கடைசி மேல்முறையீட்டு இடம். நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்த வழக்கை எங்கள் சீனியர் அடிக்கடி எடுத்துப் பேசுவார், அதனால் மனப்பாடம்.

அன்றைய இலங்கை அரசியலமைப்பில், சோல்பரி அரசியலமைப்பு என்பார்களே, 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தி, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை எந்தச் சட்டமும் கொண்டுவரக் கூடாது என்பது அதன் சாரம். நம் இந்திய அரசியலமைப்புக்கு முன்னாலேயே எழுதப்பட்ட காப்பு அது.

கேகாலை மாவட்டத்தில் கோடக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னார், முடியாது என்றார்கள். மேலே போனதும், பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். சட்டமே செல்லாது என்று ஒரு திருத்த அதிகாரி சொல்வது சாதாரணத் துணிச்சல் இல்லை! கொழும்பு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 1953இல் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது.

அவர்கள் சொன்ன காரணத்தைப் பாருங்கள். ஒரு நாட்டின் குடிமக்கள் யார் என்று வகுப்பது சட்டமன்றத்தின் இயல்பான வேலை. தோட்டத் தொழிலாளர் வந்து போய்க்கொண்டிருப்பவர்கள், இந்த மண்ணோடு அவர்களுக்குள்ள ஒட்டுதலை எடைபோட அந்தப் போக்குவரத்தும் பொருத்தமான விஷயம்தான். போதாததற்கு 1949 சட்டம் வழி விட்டிருக்கிறதே, பிறகென்ன? இவ்வளவுதான்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. வெளியே ஒன்றைச் சொல்லி மறைமுகமாக வேறொன்றைச் சாதிக்கும் சட்டம் என்று நிரூபித்தால் அது செல்லாது என்பதையும் கொள்கையாக ஏற்றுக்கொண்டார்கள். பூட்டு இருக்கிறது, சாவியும் இருக்கிறது, ஆனால் இந்தக் கதவுக்கு இல்லை என்ற கணக்கு.

---

நேர்வழி
காலை 8:30

அப்படியானால் என் பக்கம்தான் தீர்ப்பு. :)

---

பழைய_குமாஸ்தா
காலை 9:10

உங்கள் பக்கம்தான். ஆனால் அதே கேள்விக்கு, அந்தத் தீர்ப்புக்கு 67 வருஷம் முன்னாலேயே வேறு ஒரு நீதிமன்றம் நேர் எதிராகச் சொல்லியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

கோத்தகிரிக்காரி
காலை 11:45

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பிறந்தது நீலகிரி. அம்மா, அப்பா இருவரும் பதுளைப் பக்கம். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 9,75,000 பேரை வைத்துக்கொண்டு 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பங்கு போட்டார்கள். வயல் வரப்பைப் பிரிப்பது போல. அண்ணன் தம்பிக்குள் சொத்துப் பிரித்தால்கூட ஒரு வார்த்தை கேட்பார்கள். எங்கள் ஆட்களை யாரும் கேட்கவில்லை.

அம்மா வந்த ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். தலைமன்னாருக்குப் போகிற கோச்சி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அம்மாவின் அக்காவுக்கு அங்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, அம்மாவுக்கு இந்தியா. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே லயத்தில் பிறந்தவர்கள். பெரியம்மா கோச்சியோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தார் என்று அம்மா சொல்வார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

இங்கே வந்தால் 'சிலோன்காரர்கள்'. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரர்கள்', அதைவிட மோசமாக 'கள்ளத்தோணி'.

அண்ணன்மார்கள் சட்டம் பேசுகிறீர்கள், பேசுங்கள். எங்கள் வீட்டில் சட்டம் என்றால் ஓர் ஆபீஸ் கவுண்டர், அதற்குப் பின்னால் ஓர் ஆள். நான் பிளஸ் டூ முடித்துச் சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம், அங்கே இருந்தவர் அப்பாவின் ஃபேமிலி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாயகம் திரும்பியோருக்கு அப்போது கொடுத்த கார்டு அது. 'இது சிலோன் பேப்பராச்சே, உங்க தாத்தா இந்த ஊர்ல இருந்ததுக்கு ஆதாரம் கொண்டா' என்றார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அவள் அப்பாவின் ரேஷன் கார்டு போதும் என்றார். இருவருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே சட்டம். நான் ஐந்து தடவை ஏறி இறங்கினேன். அந்த வருஷம் ஸ்காலர்ஷிப் போச்சு.

---

லயத்துவீட்டான்
மதியம் 12:20

அக்கா, எங்கள் தோட்டத்திலிருந்து போன கடைசிக் குடும்பத்தை அப்பா இன்னும் சொல்வார். போகிறவர்கள் சட்டி பானையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அம்மிக்கல்லை மட்டும் கொண்டு போகப் பார்த்தார்களாம்.

---

உசிலை_மைந்தன்
மதியம் 1:35

பெயர் சொல்லாத சட்டம் பற்றிப் பேசுகிறீர்கள். பெயரைச் சொல்லியே போட்ட சட்டம் எங்கள் ஊரில் இருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டம். வடக்கே 1871இல் போட்டது, சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தது. அதில் ஒளிவு மறைவே கிடையாது. இன்ன சாதியில் பிறந்தவன் இன்னான் என்று அரசிதழில் அறிவிப்பார்கள், ஆண்பிள்ளை எல்லாம் போய் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் சீட்டு. சிலர் ஸ்டேஷனிலேயே போய்ப் படுக்க வேண்டும். என்ன குற்றம் செய்தான்? பிறந்தான், அவ்வளவுதான்.

பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3இல் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தார். இப்போது அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டத்தை எடுத்தார்கள், நாடு முழுக்க 1952இல் போனது.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெயர் சொல்லிப் போட்ட சட்டத்தை எதிர்த்துக் கல்லெடுக்கலாம். எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியும். லயத்துவீட்டான் தாத்தாவுக்கு வந்த கடிதத்தை எதிர்த்து யார் மேல் கல்லெறிவது? அம்மை நோய் மேலா?

---

நேர்வழி
மதியம் 2:10

உசிலை சொல்வது யோசிக்க வைக்கிறது. சரி, என் நிலையைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 1949 சட்டத்தில் வழி இருந்ததே, அந்த வழியில் எத்தனை பேர் உள்ளே போனார்கள்? அதைச் சொல்லுங்கள். வழி நிஜமாகவே வழியா, சுவரில் வரைந்த கதவா என்று அதில் தெரிந்துவிடும்.

---

சுன்னாகத்தான்
மாலை 4:30

நல்ல கேள்வி. முதலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறிக் கடைசி நேரத்தில் எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. 8 லட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பார்த்தால் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனையைப் பாருங்கள். கல்யாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், கல்யாணமாகாதவர் பத்து ஆண்டு. அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கிற நாள் வரை. போதுமான வருமானம் காட்ட வேண்டும். இதை நிரூபிக்கக் கடதாசி யாரிடம் இருக்கிறது? தோட்டத்துக் கந்தோரில் (ஆபீஸில்), செக்ரோலில். செக்ரோல் துரையின் கையில், பெயர் எழுதுவது கணக்கப்பிள்ளை. ரெங்கசாமி ஒரு மாதம் ரெங்கன், அடுத்த மாதம் ரங்கசாமி, வேறு தோட்டத்துக்கு மாறினால் அங்கே ராமசாமி. பெயர் மாறினால் ஆளே வேறு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வாக்கு பறிபோன பிறகும் தொகுதி பிரிக்கும்போது இவர்களின் தலையையும் எண்ணினார்கள். சனத்தொகைக் கணக்கில் இருப்பார்கள், வாக்காளர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அதனால் மலையகத்தில் வாக்குள்ளவனின் ஒரு வாக்குக்கு எடை கூடியது. தலை இவர்களுடையது, ஆசனம் வேறு ஆட்களுக்கு.

---

உசிலை_மைந்தன்
மாலை 4:48

யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? ஜீ.ஜீ. பொன்னம்பலம் கை தூக்கி ஆதரித்தார் என்றுதானே கேள்வி?

---

சுன்னாகத்தான்
மாலை 5:15

தம்பி, இந்த இழையில் இது வந்தே தீரும் என்று தெரியும். பாதி சரி, பாதி பிழை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். பிறகு அமைச்சரவையில் சேர்ந்தார், 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அவர் கட்சியிலேயே இருந்த செல்வநாயகம் அதில்தான் அவரோடு முறித்துக்கொண்டு 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இடதுசாரிகள், என்.எம். பெரேரா உட்பட, எதிர்த்தார்கள். சிங்களவர் எல்லாம் ஒரு பக்கம், தமிழர் எல்லாம் ஒரு பக்கம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

அதற்காக எங்கள் ஊர் சுத்தம் என்று சொல்லமாட்டேன். 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நான் கேட்டு வளர்ந்தது. அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

---

பழைய_குமாஸ்தா
மாலை 6:40

காலையில் பாக்கி வைத்தது. வழக்கின் பெயர் யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1886.

சான் பிரான்சிஸ்கோவில் அப்போது சுமார் 320 சலவைக்கடைகள். அதில் 240 வரை சீனர்களுடையவை. ஊரே மரவீடுகள், கடைகளும் மரக்கட்டடங்கள்தான். 1880இல் நகரசபை ஒரு விதி போட்டது. மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்தினால் சபையின் அனுமதி வேண்டும், தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறதல்லவா! விதியில் சீனர் என்ற சொல்லே இல்லை. நாம் பேசுகிற 1948 இலங்கைச் சட்டம் போல மழுமழுவென்று இருக்கும்.

விண்ணப்பித்த 200 சீனர்களுக்கும் அனுமதி மறுப்பு. சீனர் அல்லாதவர் 80 பேர், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ கடைக்காரர் அதே கட்டடத்தில் 22 வருஷமாகத் துவைத்தவர். தீயணைப்புக்காரர்களே சரி பார்த்துச் சான்று கொடுத்த கடை. மூடமாட்டேன் என்றதற்கு 10 டாலர் அபராதம் போட்டார்கள். கட்டவில்லை. டாலருக்கு ஒரு நாள் வீதம் உள்ளே போட்டார்கள்.

ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: சட்டம் ஏட்டில் நியாயமாகத் தெரியலாம், ஆனால் ஓரக்கண்ணோடும் ஏற்றத்தாழ்வான கையோடும் அதைச் செலுத்தினால் அது சமத்துவ மறுப்புதான். இன்னொரு முக்கியமான விஷயம், அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை, ஆகவும் முடியாது. அப்படியும் அவர்களுடைய பதினான்காம் திருத்தத்தில் 'எந்த நபருக்கும்' என்று இருக்கிறது, 'எந்தக் குடிமகனுக்கும்' என்றில்லை, அதனால் அவருக்கும் உண்டு என்றார்கள்.

நம் இந்திய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவும் அப்படித்தான். சட்டத்தின் முன் சமம் என்பது இந்த மண்ணில் நிற்கிற எந்த ஆளுக்கும். 15, 16 ரெண்டும்தான் குடிமகனுக்கு. 16இல் வேலைவாய்ப்புக்கு வம்சாவளி என்ற சொல்லையே தனியாகப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கா ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அதே நீதிமன்றம் பத்து வருஷம் கழித்து, கறுப்பருக்குத் தனிப்பெட்டி சரிதான் என்று தீர்ப்பு எழுதியது. அந்த யிக் வோ தீர்ப்பையும் பல பத்தாண்டுகள் பரணில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

---

நேர்வழி
இரவு 7:30

200க்குப் பூஜ்யம், 80க்கு 79. இப்படி ஒரு எண்ணிக்கை கையில் இருந்தால் நீதிபதிக்கும் வேறு வழி இல்லை. கேகாலை வழக்கு நடந்த நேரத்தில் விண்ணப்பங்கள் எல்லாம் இன்னும் மேசையில்தான் இருந்திருக்கும். அந்த 'ஆறில் ஒருவர்' கணக்கு 1953இல் யார் கையிலும் இல்லை. வழி விட்டிருக்கிறார்களே என்று பிரிவி கவுன்சில் சொன்னது காகிதத்தில் இருந்த வழியை நம்பித்தான்.

நான் இறங்கி வருகிறேன். முழுசாக இல்லை. குடியுரிமைக்கு வம்சாவளியை அளவுகோலாக வைப்பதே தப்பு என்று இன்னமும் ஒப்ப மாட்டேன். பாதி உலகம் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அளவுகோலை வைத்துவிட்டு ஒரு கூட்டத்திடம் மட்டும் அளந்து பார்ப்பது வேறு சங்கதி.

---

ஈப்போ_மணி
இரவு 8:05

எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சின்னக் குறிப்பு. மலேசியாவில் நீல அடையாள அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் தோட்டத்திலேயே கிழவியாகி, சிவப்பு அட்டையோடே போய்ச் சேர்ந்த பாட்டிகள் எங்கள் லயத்திலும் உண்டு. பிறப்பைப் பதிய டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி போகும், அதனால் பதியவில்லை. அந்த ஒரு நாள் கூலிக்கு மூன்று தலைமுறை கட்டிக்கொண்டிருக்கிறது.

---

கோவை_எக்ஸ்பிரஸ்
இரவு 8:20

எதுக்கு இந்தப் பழைய கதை? வந்தேறிகளுக்கு எந்த நாடு சும்மா குடியுரிமை தரும்? கள்ளத்தோ...

*[இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது. கருத்தோடு மோதுங்கள், பிறந்த இடத்தோடு மோத வேண்டாம். – மட்டுறுத்துநர்]*

---

லயத்துவீட்டான்
இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. இப்போது நான் இந்த இழையைத் தொடங்கிய நிஜமான காரணத்தைச் சொல்கிறேன். முதலிலேயே சொல்லக் கூச்சமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனார். 1990இல் அங்கிருந்து குடும்பத்தோடு படகேறி மண்டபம். எங்கள் பூட்டனைத் தகர டிக்கெட் மாட்டி ஏற்றினார்களே, அதே மண்டபம் முகாமில்தான் பேரனையும் பதிவு செய்தார்கள். பெரியப்பா மகன் வவுனியாவில் பிறந்தவர், ஐந்து வயதில் வந்தவர், இப்போது பெயின்ட் வேலை பார்க்கிறார். அவருடைய பெண் பிள்ளை 2012இல் முகாமிலேயே பிறந்தது. அதற்கு ஒரு நாடும் இல்லை.

எங்கள் பக்கம் பிரச்சினை முடிந்துவிட்டது. 1988 சட்டத்தில் ஒரு சத்தியக் கடதாசியோடு அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. நாற்பது வருஷம் கேட்ட அத்தாட்சியெல்லாம் ஒரே கையெழுத்தில் தேவையில்லாமல் போனது, அதை நினைத்தால் இன்றும் அப்பாவுக்குச் சிரிப்புதான் வருகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சம் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1964 அக்டோபர் 30இலிருந்து இலங்கையில் நிரந்தரமாக இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் என்று. அண்ணனோ திரும்பி வர விருப்பமில்லை என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே ஊர் தமிழ்நாடு.

1950இல் இங்கே 'நீ இந்தியன்' என்றார்கள். இப்போது அங்கே 'நீ இலங்கையன், அதுவும் சட்டவிரோதமாக நுழைந்தவன்' என்கிறார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. அதிலும் எங்கள் பெயரைச் சொல்லி விலக்கவில்லை. வெறுமனே பட்டியலில் இல்லை.

---

பழைய_குமாஸ்தா
இரவு 10:25

தம்பி, கூச்சமே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பிரிவி கவுன்சிலுக்குப் போயிருக்கவே மாட்டேன், நேரே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிருப்பேன்.

முதலில் பிறந்த தேதி. இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் வழக்குப் போட்டு ஜெயித்து, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். உங்கள் அண்ணன் வவுனியாவில் பிறந்ததால் அந்த வழி இல்லை. பாப்பாவுக்கும் இல்லை, 2004 டிசம்பருக்குப் பிறகு விதி மிகவும் இறுகிவிட்டது.

ஆனால் 2019 ஜூனில் மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கு. இவர்களின் வேர் இந்த நாட்டில் இருக்கிறது, சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒரே கூடையில் போட்டுவிட முடியாது, விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. பரிசீலிக்கச் சொன்னதுதான், கொடுக்கச் சொன்னதில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வழியில் போக வேண்டுமானால் ஒரே ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டும், உங்கள் பூட்டனோ தாத்தாவோ பிரிபடாத இந்தியாவிலிருந்து போனவர் என்று. அதற்குக் கையில் என்ன இருக்கிறது?

---

லயத்துவீட்டான்
இரவு 10:40

தகர டிக்கெட் இருக்கிறது. செக்ரோலில் ஊர்ப் பெயர் இல்லை. தாத்தாவின் பிறப்புப் பதிவில் தோட்டத்தின் பெயர்தான் இருக்கிறது.

---

கோத்தகிரிக்காரி
இரவு 10:44

தம்பி, அந்தக் கடிதம்! நிராகரித்த கடிதம்! அதில் என்ன எழுதியிருக்கிறது?

---

லயத்துவீட்டான்
இரவு 11:10

டார்ச் அடித்துப் படித்தேன். மூன்றாவது பத்தியில் இருக்கிறது. விண்ணப்பதாரரின் தகப்பனார் திருச்சிராப்பள்ளி மாவட்டம் முசிறி தாலுகாவைச் சேர்ந்தவர், விண்ணப்பதாரர் 1940இல் தன் பூர்வீகக் கிராமத்துக்குச் சென்று 14 மாதம் தங்கினார், ஆகவே மனு தள்ளுபடி. கிராமத்தின் பெயரும் இருக்கிறது. கீழே கையெழுத்து, அலுவலக முத்திரை.

---

பழைய_குமாஸ்தா
இரவு 11:18

அடேயப்பா. ஓர் அரசாங்கம் தன் முத்திரையோடு, இவர் முசிறிக்காரர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. இதைவிட நல்ல காகிதத்தை நான் பார்த்ததில்லை. உங்கள் தாத்தாவை வெளியே தள்ள எழுதியது, பேரனை உள்ளே கூட்டிவர உதவலாம். 'உதவலாம்' என்றுதான் சொல்கிறேன், வக்கீல் குமாஸ்தா வாக்கு கொடுக்கக் கூடாது.

முதலில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். பெயர் வித்தியாசத்துக்கு, ரெங்கனும் ரெங்கசாமியும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். முசிறியில் அந்தக் கிராமத்துப் பழைய பங்காளிகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், குலதெய்வக் கோயில் வரிக் கணக்கில் பெயர் இருந்தாலும் சரி.

அப்புறம் ஒரு விஷயம், மறக்காமல் கேளுங்கள். அந்தக் கடிதத்தை யாராவது நல்லெண்ணத்தில் லேமினேட் செய்யச் சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். பின்பக்கம் முத்திரையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பார்கள், பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

---

லயத்துவீட்டான்
இரவு 11:21

ஐயா... போன வாரமே தம்பி ஹட்டன் டவுனில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டான். மடிப்பில் கிழிகிறதே என்று.

---

கோத்தகிரிக்காரி
இரவு 11:23

பதறாதே. ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டி மெதுவாகப் பிரிக்கிற ஆள் ஊட்டியில் ஒருவர் இருக்கிறார். அப்பா கார்டை அவர்தான் பிரித்துக் கொடுத்தார். யாரும் வீட்டில் கை வைக்காதீர்கள். அண்ணன் எந்த முகாமில் இருக்கிறார் என்று மட்டும் தனிமடலில் போடு.

---

நேர்வழி
இரவு 11:40

முசிறி எனக்கு மாமனார் ஊர். கிராமத்தின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.